ஓக் மரத்தின் நுரையீரல்

முன்னுரை

சென்ற வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் வகுப்புக்கு ஒரு வேலை தரப்பட்டது. வளாகத்து மரங்களின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பும் காவியும் பூச வேண்டும். சிற்றாலயத்தின் பின்புறம் நிற்கும் வயதான மாமரத்தின் பட்டையில் வெளிர்சாம்பல் நிறத்தில் வட்டவட்டமாகத் திட்டுகள் படர்ந்திருந்தன. "பாவம், மரத்துக்குத் தேமல் வந்திருக்கிறது" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு, தேங்காய் நாரால் அவற்றை நன்றாகத் தேய்த்து எடுத்தோம். அதன்மேல் சுண்ணாம்பு பூசினோம். மரம் பளிச்சென்று ஆயிற்று. நல்ல காரியம் செய்தோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

இந்த வருடம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலமும் காரமும் பற்றிய பாடம் நடந்தது. நீல லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவப்பாக மாறியதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இந்தச் சாயம் எதிலிருந்து வருகிறது, தெரியுமா?" என்று எங்கள் ஆசிரியைச் சகோதரி கேட்டார். ஒருத்தி செம்பருத்திப் பூ என்றாள், ஒருத்தி சங்குப்பூ என்றாள், மற்றவர்கள் விழித்தோம். சகோதரி சிரித்துக்கொண்டே, "போன வருடம் மாமரத்திலிருந்து தேய்த்து எடுத்தீர்களே, அதன் உறவினரிடமிருந்துதான்" என்றார். கடலோரப் பாறைகளில் வளரும் ரொசெல்லா என்ற லைக்கனிலிருந்து பிறந்தது லிட்மஸ் சாயம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அறிவியல் மன்றத்துக்காக லைக்கன்களைப் பற்றிப் படித்து வந்து பேசும்படி சகோதரி எங்களைப் பணித்தார். அவ்வாறு தேடிப் படித்தபோது ஒரு லைக்கனின் கதை எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. அது நம் நாட்டுக் கதையன்று. ஐரோப்பாவின் பழைமையான ஓக் காடுகளின் கதை. ஆயினும் படிக்கப் படிக்க, எங்கள் மாமரமே எங்கள் கண்முன் நின்றது. அந்தக் கதையை அன்புத் தோழியருக்கும், சகோதரிகளுக்கும், பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

லைக்கன் என்பது யாது?

லைக்கன் ஒரு தாவரம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. லைக்கன் என்ற கிரேக்கச் சொல் மரத்தில் படர்வதையும் குறிக்கும். தோலில் படரும் நோயையும் குறிக்கும். ஆக, மரத்துக்குத் தேமல் வந்ததென்று எண்ணியவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்று அறிந்து சற்று ஆறுதல் அடைந்தோம்.

1867ஆம் ஆண்டில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். லைக்கன் ஓர் உயிரன்று. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கையே லைக்கன் என்பது அவருடைய முடிவு. அக்காலத்தின் பெரிய லைக்கன் அறிஞர்கள் பலர் இதை ஏற்க மறுத்தார்கள். ஆனால் காலம் ஷ்வெண்டனர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

இந்தக் கூட்டுக் குடும்பத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள்? பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. தானே உணவு சமைக்க அதனால் இயலாது. ஆனால் அது வீடு கட்டும். தன் மெல்லிய இழைகளால் கூரையும் தளமும் அமைத்து, மழைநீரையும் பனியையும் உறிஞ்சித் தேக்கி வைக்கும். கூரைக்கு அடியில் பாசிச் செல்கள் பாதுகாப்பாக வாழும். பாசிக்குப் பச்சையம் உண்டு. சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு அது உணவு சமைத்து, ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கும். கொதிக்கும் பாறையிலோ உறைபனியிலோ தனியாக வாழ முடியாத இரண்டும் சேர்ந்து வாழ்ந்து காட்டுகின்றன. உலகில் ஏறத்தாழ 20,000 வகை லைக்கன்கள் இருப்பதாகக் கூறுகிறார்கள். 2016ஆம் ஆண்டில் சில லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே இக்குடும்பத்தின் உறுப்பினர் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நம் இல்லங்களுக்கும் லைக்கன் புதிதன்று. செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் தரும் கல்பாசி, பெயரில் பாசியாக இருந்தாலும், உண்மையில் ஒரு லைக்கனே. இதை நாங்கள் வீட்டில் சொன்னபோது எங்கள் தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மறுபடியும் ஒருமுறை பார்த்தார்கள்.

நுரையீரல் போன்ற உருவம்

நாங்கள் சொல்லப்போகும் லைக்கனின் விஞ்ஞானப் பெயர் லோபாரியா பல்மொனேரியா. பல்மொனேரியா என்பது நுரையீரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். நாம் இதை மர நுரையீரல் என்று அழைக்கலாம்.

எங்கள் மாமரத்தில் இருந்ததைப்போல் இது பட்டையோடு ஒட்டிய வெறும் திட்டன்று. இலை போன்ற அகன்ற மடல்களாகக் கிளைத்து, மரத்திலிருந்து சற்றே விலகித் தொங்கும். ஒரு கையகலம் முதல் ஒரு முழம் வரையில்கூடப் பரவும். மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக வலைப்பின்னல் ஓடும். உயிரியல் புத்தகத்தில் நுரையீரலின் உட்பக்கப் படத்தைப் பார்த்தவர்கள், இதைக் கண்டதும் ஏன் இந்தப் பெயர் வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

உலர்ந்திருக்கும்போது இது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், அப்பளம்போல் முறுமுறுவென்று இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் சில நிமிடங்களில் மெத்தென்று ஆகி, பசேலென்று பச்சை நிறம் பெற்றுவிடும். நனைந்ததும் பூஞ்சையின் மேல்தோல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. அதனால் அடியிலுள்ள பாசியின் பச்சை வெளியே தெரிகிறது. உலர்ந்த காலத்தில் அது இறந்துவிடவில்லை. வேலையை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறது.

இந்த லைக்கனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பூஞ்சை, பச்சைப்பாசி ஆகிய இருவரோடு நாஸ்டாக் என்ற நீலப்பச்சை நுண்ணுயிரும் மூன்றாவது பங்காளியாக இதனுள் வாழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக மாற்றும் ஆற்றல் நாஸ்டாக்குக்கு உண்டு. உளுந்துச் செடியின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா செய்யும் அதே பணியை, இது மரத்தின் மேலே இருந்துகொண்டு செய்கிறது. காற்றிலும் மழையிலும் கிழிந்து கீழே விழும் லைக்கன் துண்டுகள் மக்கி, அந்த நைட்ரஜனைக் காட்டு மண்ணுக்குக் கொடுக்கின்றன. தன்னைத் தாங்கிய மரத்துக்கு அது வாடகை கொடுக்கிறது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம். மரத்திலிருந்து அது சாறு எதையும் உறிஞ்சுவதில்லை. நிற்க இடம் மட்டுமே கேட்கிறது.

முன்காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார்கள். எந்த உறுப்பைப் போன்ற உருவம் ஒரு மூலிகைக்கு இருக்கிறதோ, அந்த உறுப்பின் நோயை அது தீர்க்கும் என்பதே அது. ஆகவே இருமலுக்கும் நெஞ்சு நோய்களுக்கும் இந்த லைக்கனைக் கொடுத்து வந்தார்கள். கம்பளி நூலுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றவும் இது பயன்பட்டது. உருவத்தைப் பார்த்து மருந்தை முடிவு செய்வதை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. ஆனால் காற்றுக்கும் இந்த லைக்கனுக்கும் உள்ள உறவு, அந்த மருத்துவர்கள் எண்ணியும் பாராத வேறொரு வழியில் உண்மையாயிற்று. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதிய மரமே தாய்வீடு

ஓக் மரத்தைப் பழைய தமிழ் விவிலியத்தில் கர்வாலி மரம் என்று குறித்திருக்கிறார்கள். பிரிட்டனுக்கே உரிய ஓக் வகைகள் இரண்டு. பல நூறு ஆண்டுகள் வாழக்கூடியவை இவை. லோபாரியா மேப்பிள், ஆஷ், பீச் முதலிய மரங்களிலும் வளரும் என்றாலும், ஓக் மரக் காடு அதன் முக்கியமான இருப்பிடங்களுள் ஒன்று.

ஆனால் எந்த ஓக் மரமும் போதுமா? போதாது. இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருக்கும். மழைநீர் நில்லாமல் வழிந்துவிடும். வயது ஏற ஏறப் பட்டை வெடித்து, ஆழமான பள்ளங்கள் உண்டாகும். அவற்றில் ஈரம் தங்கும். முதிய பட்டையின் அமிலத்தன்மையும் குறைவாக இருக்கும். மரங்கள் நெருக்கியடித்து நில்லாமல், இடையிடையே வெளிச்சம் விழ வேண்டும். காற்றில் எப்போதும் ஈரப்பதம் வேண்டும். இத்தனையும் ஒருசேர அமைவது மிகப் பழைய காடுகளில்தான்.

இன்னுமொரு நிபந்தனையும் உண்டு. லோபாரியா வளர்வது மிக மெதுவாக. அது பரவும் வழிகள் இரண்டு. முதல் வழியில், மடலின் ஓரங்களிலும் மேடுகளிலும் மாவு போன்ற சிறு துகள்கள் உண்டாகும். ஒவ்வொரு துகளிலும் பூஞ்சை இழையும் பாசிச் செல்லும் சேர்ந்தே இருக்கும். பயணம் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துச் செல்வதுபோல், பூஞ்சை தன் உணவுக்கு வழிசெய்யும் பாசியையும் உடன் கொண்டு போகிறது. ஆயினும் இத்துகள்கள் கனமானவை. பெரும்பாலானவை சில பத்து மீட்டர் தொலைவுக்குள்ளேயே விழுந்துவிடும். இரண்டாவது வழி, பூஞ்சையின் வித்துகள். இவை இலேசானவை, தொலைவு போகக்கூடியவை. ஆனால் இவற்றிடம் கட்டுச்சோறு இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் தக்க பாசியைக் கண்டால்தான் பிழைக்கும். அன்றியும், இருவேறு இணைவகைகள் அருகருகே இருந்தால்தான் வித்துகளே உண்டாகும். ஒரு மரத்தில் எஞ்சியிருப்பவை எல்லாம் ஒரே தாயிலிருந்து பிரிந்தவையாக இருந்தால், வித்துக்கு வழியே இல்லை.

இதனால் விளைவது என்ன? ஒரு முதிய மரம் விழுமுன், அதற்கு அருகிலேயே இன்னொரு மரம் முதுமை அடைந்திருக்க வேண்டும். அது விழுமுன் மற்றொன்று. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதைப்போல், இந்தத் தொடர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அறுபடாமல் நடக்க வேண்டும். இடையில் ஒருமுறை காட்டை முழுவதும் வெட்டிவிட்டால் தொடர் அறுந்துவிடும். பிறகு அதே இடத்தில் மரம் நட்டாலும் காடு வரும். லோபாரியா வருவது அரிது.

இந்த உண்மையைப் பிரான்சிஸ் ரோஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கருவியாகவே மாற்றினார். பழைமை அறுபடாத காடுகளில் மட்டும் காணப்படும் 30 லைக்கன்களைத் தேர்ந்தெடுத்து, 1976ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அப்பட்டியலில் லோபாரியாவும் ஒன்று. ஒரு காட்டில் அவற்றுள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால், அக்காடு எவ்வளவு காலமாகக் காடாகவே இருந்து வருகிறது என்பதை மதிப்பிடலாம். பத்திரமும் கல்வெட்டும் இல்லாத இடத்தில், மரப்பட்டையே சாட்சி சொல்கிறது.

அழிவு வந்த வழி

பிரிட்டனின் ஓக் காடுகள் பல காரணங்களால் சுருங்கின. வயலுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் வெட்டினார்கள். இரும்பு உருக்கக் கரி வேண்டி வெட்டினார்கள். தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். கப்பல் கட்டவும் ஓக் மரமே வேண்டியிருந்தது. 1765ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்ட விக்டரி என்ற ஒரே போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் தேவைப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஓக் மரங்கள். முதல் உலகப்போரில் மரத்தட்டுப்பாடு கண்ட அரசு, 1919ஆம் ஆண்டில் வனத்துறை ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன்பின் விரைவில் வளரும் ஊசியிலை மரங்களைப் பெருமளவில் நட்டார்கள். பல பழைய காடுகளும் அவற்றுக்கு இடம் கொடுக்க நேர்ந்தது. இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் தொன்மையான காடு என்று சொல்லத்தக்கது சுமார் 2.5 சதவீதமே.

கோடரிக்குத் தப்பிய மரங்களில் வாழ்ந்த லைக்கனைப் புகை பிடித்துக்கொண்டது. நிலக்கரியை எரிக்கும்போது கந்தக டை ஆக்சைடு என்ற வாயு வெளிப்படுகிறது. மழையிலும் பனியிலும் கரைந்து அது அமிலமாகிறது. லைக்கனுக்கு வேர் இல்லை. தண்ணீரையும் சத்தையும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. காற்றில் என்ன இருக்கிறதோ அது உள்ளே போகும். மரங்களாவது ஆண்டுதோறும் இலையை உதிர்த்துப் புதுத்தளிர் விடுகின்றன. லைக்கனுக்கு உதிர்க்க ஒன்றுமில்லை. உள்ளே போன அமிலம் பாசியின் பச்சையத்தைச் சிதைக்கும். நாஸ்டாக்கோ இன்னும் மென்மையானது. அதனால்தான் லோபாரியா போன்றவை முதலில் மடிந்தன. மர நுரையீரல் என்ற பெயர் பொருத்தமான பெயர்தான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது. காட்டின் மூச்சில் கலந்த நஞ்சு முதலில் தாக்கியது அதைத்தான்.

இந்தத் தொடர்பை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் வில்லியம் நைலாண்டர் என்ற பின்லாந்து அறிஞர். 1866ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் இருப்பதைக் கண்டு, காற்றின் தூய்மையை லைக்கன் காட்டும் என்று எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அப்பூங்காவின் லைக்கன்களும் மறைந்துபோயின. ஷ்வெண்டனரின் கருத்தை எதிர்த்தவர்களுள் இவரும் ஒருவர் என்பது வியப்பான செய்தி. ஒன்றில் தவறிய அறிஞர் மற்றொன்றில் எல்லாருக்கும் முன்னே நடந்திருக்கிறார்!

1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் நகரைக் கவிந்த நச்சுப்புகை மூடுபனியில் ஆயிரக்கணக்கான மக்கள் உயிரிழந்தார்கள். அதன் விளைவாக 1956ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. லைக்கன்கள் சொல்லி வந்ததை, மனிதர் மாண்ட பிறகே மனிதர் கேட்டார்கள்.

1970ஆம் ஆண்டில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர், மரப்பட்டையில் உள்ள லைக்கன்களைக் கொண்டு காற்றின் தூய்மையை 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். லைக்கனே இல்லாவிட்டால் 0. லோபாரியா இனங்கள் வாழும் இடம் அளவுகோலின் உச்சியில் வரும். அடுத்த சில ஆண்டுகளில் ஆலிவர் கில்பர்ட் என்ற அறிஞரின் வழிகாட்டுதலில், பிரிட்டன் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, தங்கள் ஊர் மரங்களையும் சுவர்களையும் பார்த்து, காற்று மாசின் வரைபடம் ஒன்றையே தயாரித்துக் கொடுத்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. எங்களை ஒத்த வயதினர் செய்த அந்தப் பணியைப் படித்தபோது எங்களுக்கும் உற்சாகம் பிறந்தது.

காற்று தெளிந்தும் திரும்பவில்லை

இங்கேதான் கதையின் துயரமான பகுதி வருகிறது.

பிரிட்டனில் நிலக்கரிப் புகை படிப்படியாகக் குறைந்தது. 1882ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கடைசி நிலையம் மூடப்பட்டதோடு முடிந்தது. காற்றில் கந்தக டை ஆக்சைடு மிகமிகக் குறைந்துவிட்டது. ஓடிப்போன லைக்கன்களுள் பல வகைகள் நகரங்களுக்கே திரும்பி வந்துவிட்டன. லண்டன் மரங்களில் மீண்டும் மஞ்சளும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கின்றன.

ஆனால் லோபாரியா, தான் மறைந்த தாழ்நிலப் பகுதிகள் பலவற்றுக்கு இன்னும் திரும்பவில்லை. எங்களுக்கு இது முதலில் புரியவில்லை. நோய்க்குக் காரணம் நீங்கினால் நோயாளி எழுந்துவிடுவார் அல்லவா? பின்னரே விளங்கியது: அது வருவதற்குப் பக்கத்தில் யாரும் மிச்சமில்லை, வந்தால் தங்க முதிய மரம் இல்லை. சில பத்து மீட்டர் மட்டுமே பயணம் செய்யும் துகள், நூறு மைல் வயலையும் சாலையையும் கடந்து எப்படி வரும்? கேடு செய்வதை நிறுத்துவது வேறு. செய்த கேட்டைச் சரிசெய்வது வேறு என்று அன்று கற்றோம்.

புதிய இடையூறுகளும் சேர்ந்திருக்கின்றன. பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியா பட்டையின் தன்மையை மாற்றுகிறது. அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ரோடோடென்ட்ரான் என்ற புதர் காட்டுக்குள் புகுந்து, ஓக் மரங்களின் அடியை இருளாக்குகிறது. லோபாரியாவுக்கு இடம் கொடுத்த எல்ம் மரங்கள் 1970களில் நோயால் கோடிக்கு மேல் மடிந்தன. 2012ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் ஆஷ் மரங்களுக்கும் கொள்ளை நோய் வந்திருக்கிறது. இருக்கும் வீடுகளும் ஒவ்வொன்றாக இடிகின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அருகிவரும் உயிர்களின் சிவப்புப் பட்டியலில் லோபாரியா இடம்பெற்றிருக்கிறது.

காக்கும் முயற்சிகள்

எஞ்சியிருக்கும் இடங்கள் எவை? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரை இதற்குப் பெரிய புகலிடம். அங்கே அட்லாண்டிக் கடற்காற்று மழையையும் பனியையும் ஓயாமல் கொண்டுவருகிறது. ஓக் மரங்கள் பாசியும் பெரணியும் லைக்கனும் போர்த்தி நிற்கின்றன. மழைக்காடு என்றால் வெப்ப நாடுகளில்தான் உண்டு என்று எண்ணியிருந்தோம். இவை குளிர்நாட்டு மழைக்காடுகள். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பாரோடேல் பள்ளத்தாக்கிலும் இத்தகைய ஓக் காடு உண்டு. 2024ஆம் ஆண்டில் அது தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. போலந்துக்கும் பெலாரஸுக்கும் இடையே பரந்திருக்கும் பியாலோவீசா காட்டிலும் முதிய ஓக் மரங்களும் லோபாரியாவும் உண்டு. அதன் போலந்துப் பகுதி 1979ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியச் சொத்தாயிற்று.

காக்கும் முறைகளும் பலவாறு நடக்கின்றன. முதலாவது, முதிய மரங்களை வெட்டாமல் விடுவது. அவற்றின் அருகே அடுத்த தலைமுறை மரங்களையும் வளர விடுவது. ஆடுகளும் மான்களும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடாதபடி மேய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறார்கள். ரோடோடென்ட்ரான் புதர்களை வெட்டி அகற்றுகிறார்கள். லோபாரியா படர்ந்த மரம் புயலில் சாய்ந்துவிட்டால், அதன் மடல்களைப் பக்குவமாகப் பெயர்த்து வேறு மரங்களில் பொருத்தி வைக்கும் முயற்சியும் நடக்கிறது. சில பிழைக்கும், சில காற்றில் போகும், சிலவற்றை நத்தைகள் தின்றுவிடும். பொருத்தியவர் பல ஆண்டுகள் பொறுமையோடு வந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்று நடும் ஓக் கன்று லோபாரியாவுக்குத் தகுந்த முதிய மரமாவதை நட்டவர் பெரும்பாலும் பார்க்கமாட்டார். பார்க்கமாட்டோம் என்று தெரிந்தும் நடுகிறார்களே, அவர்களை எண்ணி வியந்தோம்.

மாணவியராகிய நமக்கு ஊக்கம் தரும் ஒருவரையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். 1854ஆம் ஆண்டில் பிறந்த ஆனி லோரெய்ன் ஸ்மித் என்ற அம்மையார், லண்டன் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் லைக்கன்களை ஆராய்ந்தார். பெண் என்பதால் அவருக்கு முறையான பதவி கிடைக்கவில்லை. லின்னேயன் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது அவரும் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1921ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட லைக்கன்கள் பற்றிய நூல், பல்லாண்டு காலம் இத்துறையினரின் கையேடாக விளங்கியது. பிறர் காலடியில் மிதித்துப் போகும் சிறிய உயிர்களை ஒருவர் வாழ்நாள் முழுவதும் குனிந்து பார்த்தார். அதனால்தான் நாம் இன்று இவ்வளவும் அறிகிறோம்.

முடிவுரை

படித்து முடித்தபின் நாங்கள் மறுபடியும் சிற்றாலயத்தின் பின்னால் சென்று மாமரத்தைப் பார்த்தோம். மழையில் சுண்ணாம்பு கரைந்து பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஆனால் நாங்கள் தேய்த்த இடம் வெறும் பட்டையாகவே இருந்தது. கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும் பழைய திட்டுகள் மிச்சமிருந்தன. நாற்காலி போட்டு ஏறி, ஒரு திட்டின்மேல் சில துளி தண்ணீர் விட்டோம். சாம்பல் நிறம் மெல்ல மங்கி, அடியிலிருந்து இளம்பச்சை எழுந்தது. ஒருவரும் பேசவில்லை. தேமல் என்று நாங்கள் சொன்னது உயிரோடு இருந்தது.

இத்தகைய திட்டுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. உள்ளங்கை அளவு படர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்! அத்தனை ஆண்டுகளின் வளர்ச்சியை ஒரே பிற்பகலில், ஒரு பிடி தேங்காய் நாரால் துடைத்து எடுத்தோம். எங்கள் மாமரத்து லைக்கன் அரியதன்று. லோபாரியாவைப்போல் அழிவின் விளிம்பில் நிற்பதுமன்று. ஆயினும் ஐரோப்பாவில் ஓக் மரங்களை வெட்டியவர்களும் கெட்ட எண்ணத்தோடு வெட்டியிருக்கமாட்டார்கள். கப்பல் வேண்டும், கரி வேண்டும், வயல் வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். பட்டையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு விழாவுக்கு மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசும் நாள் வந்தபோது, எங்கள் வகுப்பினர் சேர்ந்து தலைமையாசிரியைச் சகோதரியிடம் சென்று, அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடும்படி கேட்டோம். காரணம் என்ன என்று கேட்டார், அறிந்ததைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, விடுங்கள். ஆனால் பெற்றோர் கேட்டால் நீங்கள்தான் விளக்கம் சொல்லவேண்டும்" என்றார்.

ஆகவே விழாவுக்கு வருகைதந்த பெற்றோர்களே, எல்லா மரங்களும் வெள்ளை உடுத்தி நிற்க, சிற்றாலயத்தின் பின்னால் ஒரு மாமரம் மட்டும் பழைய கோலத்தில் நின்றதைக் கண்டிருப்பீர்கள். அது எங்கள் சோம்பலால் விடுபட்டதன்று. அருகே சென்று பாருங்கள், கையால் தேய்க்கவேண்டாம். தோழியரே, உங்கள் வீட்டு மரத்தையும், சாலையோர மரத்தையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். திட்டுகள் இருக்கின்றனவா, இல்லையா என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அறிவியல் மன்றத்தில் எல்லாருடைய குறிப்புகளையும் சேர்த்து, நம் ஊருக்கும் ஒரு வரைபடம் தயாரிப்போம்.

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு